புது டிஸ்க் போட்டும் நாலு மாதத்தில் மறுபடி நடுக்கம்: கோளாறு டிஸ்க்கில்தானா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 80-க்கு மேல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடுகிறது, பெடலும் லேசாகக் காலை உதைக்கிறது. மூன்று வருடத்தில் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு தடவையும், அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட்களை மூன்று தடவையும் மாற்றியாகிவிட்டது. அலைன்மென்ட்டும் வீல் பேலன்சிங்கும் எத்தனை முறை பார்த்தது என்று கணக்கே இல்லை. மாற்றியதும் நாலைந்து மாதம் வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கிறது, அப்புறம் பழைய கதை. இப்போது மெக்கானிக் "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு, மாத்திடலாம்" என்று மூன்றாவது செட்டுக்கு விலை சொல்கிறார். என்ன செய்வது?

முதலில், மூன்றாவது செட்டை வாங்காதீர்கள். இரண்டு செட் டிஸ்க்கும் ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே காலக்கெடுவில் கெட்டுப்போயிருக்கின்றன. இரண்டுமே மட்டமான சரக்காக இருக்கலாம்தான். ஆனால் இரண்டையும் கெடுத்த ஏதோ ஒன்று வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவதைப் போட்டால், தீபாவளிக்குப் போட்டது பங்குனி உத்திரத்துக்குள் மறுபடி ஆட ஆரம்பிக்கும்.

நான் கோவையில் ஐந்து வருடம் லேத் பட்டறையில் நின்றுவிட்டுக் கார் வேலைக்கு வந்தவன். அதனால் ஒரு டிஸ்க்கைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, "பெண்ட்" என்று தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. இங்கே நாம் பேசுவது தலைமுடி கனத்தைவிடக் குறைவான அளவுகள். ஒரு மனிதத் தலைமுடி சராசரியாக 0.07 மி.மீ. தடிமன். ஒரு டிஸ்க்கின் தடிமன் ஒரு சுற்றுக்குள் 0.02 மி.மீ. கூடிக் குறைந்தாலே பல கார்களில் நடுக்கம் தெரிய ஆரம்பித்துவிடும். இதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

"பெண்ட்" என்கிற சொல்லே நம்மைத் தவறான வழியில் கூட்டிப்போகிறது. வார்ப்பிரும்பு டிஸ்க் தட்டு மாதிரி சுலபமாக வளைவதில்லை. டிஸ்க்கில் இரண்டு வேறு வேறு குறைகள் உண்டு, இரண்டையும் நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒன்று, சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவது. சைக்கிள் ரிம் கோணலாக ஓடுமே, அந்த மாதிரி. பட்டறையில் இதை 'ரன் அவுட்' என்பார்கள். இரண்டாவது, டிஸ்க்கின் தடிமனே ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருப்பது. உங்கள் கையில் நடுக்கமாக வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

காரணம், உங்கள் மாதிரி சிறிய கார்களில் பேட்களைப் பிடித்து அழுத்தும் கேலிப்பர் ஓரிடத்தில் இறுக்கிக் கட்டப்பட்டதல்ல. இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் அது இப்படியும் அப்படியும் நகரும். டிஸ்க் கொஞ்சம் ஆடினால் கேலிப்பரும் கூடவே ஆடிவிட்டுப் போகும், பிரேக் அழுத்தத்தில் பெரிய மாற்றம் வராது. தடிமன் மாறினால் அப்படியில்லை. தடித்த இடம் பேட்களுக்கு நடுவே வரும்போதெல்லாம், பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிரேக் ஆயில் வழியாக அது உங்கள் பெடலுக்கு வந்து காலை உதைக்கும். அந்த நொடியில் அந்தச் சக்கரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும், ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். 13 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் உருளும். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டு தடவை இந்த இழுப்பு. சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் தாங்களாகவே ஆட விரும்பும் வேகம் பல கார்களில் இதை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால்தான் 40-ல் ஒன்றும் தெரியாது, 80 முதல் 100-க்குள் பேயாட்டம் ஆடும், 60-க்கு இறங்கியதும் அடங்கிவிடும்.

சரி, புதிதாக வாங்கும்போது ஒரே தடிமனாக இருந்த டிஸ்க் நாலு மாதத்தில் எப்படி மாறுகிறது? உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டிஸ்க் மாட்டும்போதே கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடிமன் சீராக இருப்பதால் பிரேக் மிதித்தால் நடுங்காது. மெக்கானிக்கும் ஓட்டிப் பார்ப்பார், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள். ஆனால் பிரேக் மிதிக்காமல் சும்மா ஓடும்போது, கோணலாக ஆடும் அந்த டிஸ்க்கின் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகும். கிலோமீட்டருக்கு 550 சுற்று என்றால் 5,000 கி.மீ.-க்கு ஏறக்குறைய 27 லட்சம் தடவை. அந்த ஒரே இடம் மட்டும் மயிரிழை மயிரிழையாகத் தேயும், அல்லது பேடின் பொருள் அங்கே மட்டும் அப்பிக்கொள்ளும். இரண்டில் எது நடந்தாலும் தடிமன் மாறிவிட்டது, நடுக்கம் வந்துவிட்டது. மாட்டிய அன்றே தப்பு நடந்திருக்கிறது, அது தெரிய வருவது மட்டும் நாலு மாதம் கழித்து. அதற்குள் மாட்டியவரும் மறந்திருப்பார், நீங்களும் மறந்திருப்பீர்கள். "டிஸ்க் குவாலிட்டி சரியில்லை" என்று டிஸ்க்கின் தலையில் பழி விழும்.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இடப்பக்க முன் சக்கரத்தில் 'ஊம்' என்று சத்தம் வந்து பேரிங் மாற்றினீர்கள் என்று. பிரேக் கதையும் மூன்று வருடமாகத்தான் நடக்கிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வேலையைத்தான்.

இந்த வகைக் கார்களில் முன் பேரிங்கை மாற்ற வேண்டுமானால் சக்கரமும் டிஸ்க்கும் உட்காரும் ஹப்பை, அதைத் தாங்கும் நக்கிளிலிருந்து கழற்ற வேண்டும். பிரஸ் வைத்துத் தள்ளுவதுதான் முறை. பிரஸ் இல்லாத இடங்களில் ஹப்பின் முகத்தில் பெரிய சுத்தியலால் நாலு அடி. பேரிங் வந்துவிடும், ஹப்பின் தட்டு இம்மியளவு வளைந்துவிடும். அதன்பின் எத்தனை டிஸ்க் மாற்றினாலும், எல்லாமே அந்த வளைந்த தட்டின் மேல்தான் உட்காரும். பள்ளத்தில் பலமாக இறங்கினாலும், நடைமேடையில் மோதினாலும் இதே கதைதான்.

அடுத்த சந்தேகம் துரு. என் சொந்த அனுபவம் இது. எங்கள் வீட்டு செடானுக்கு, நானே வேலை தெரிந்தவன் என்ற திமிரில், ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை டிஸ்க் மாற்றினேன். மூன்றாவது முறை கழற்றியபோதுதான் ஹப்பின் முகத்தை டார்ச் அடித்துச் சரியாகப் பார்த்தேன். வீல் நட் மாட்டும் ஸ்டட்டுகளைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி துரு ஏடு படிந்திருந்தது. இரண்டு தடவையும் அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்துத் திருகியிருக்கிறேன். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் வைத்து அரைமணி நேரம் தேய்த்த வேலை, முப்பது ரூபாய் கூட ஆகவில்லை. அதன்பின் அந்த வண்டியை விற்கும்வரை பிரேக் நடுங்கவில்லை.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். ஹப் தட்டின் குறுக்களவு 13 செ.மீ. என்று கொள்ளுங்கள். அதன் விளிம்பில் ஒரு பக்கம் 0.05 மி.மீ. துரு இருந்தால், 21 செ.மீ. குறுக்களவுள்ள இடத்தில், அதாவது பேட் உரசும் வெளி ஓரத்தில், அது 0.08 மி.மீ. ஆட்டமாகப் பெருகிவிடும். மாட்டிய நிலையில் டிஸ்க்கின் ஆட்டத்துக்குக் கார் நிறுவனங்கள் பொதுவாகக் கொடுக்கும் எல்லையே 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான். ஒரு துருப் பொருக்கு அதைத் தின்றுவிடும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இதை முதலிலேயே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டி யாராவது உங்கள் தலையில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது சந்தேகம் வீல் நட். டியூப்லெஸ் பஞ்சர் போடும் இடத்தில் காற்றுத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்' என்று ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். சாலையோரக் கடை என்றால் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பார்கள். நட் கழன்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் டிஸ்க்கையும் அந்த நட்டுகள்தான் ஹப்போடு சேர்த்துப் பிடிக்கின்றன. ஒன்றில் 150, இன்னொன்றில் 70 நியூட்டன் மீட்டர் என்று ஏறுக்குமாறாக இருந்தால் டிஸ்க்கின் நடுப்பகுதி கோணலாக அமர்கிறது. எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு சுற்றில், கடைசியில், எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள். டிஸ்க் மாற்றிய பிறகு எப்போதாவது பஞ்சர் ஒட்டினீர்களா, அதற்கு எத்தனை நாள் கழித்து நடுக்கம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பலருக்கு இந்த ஒரு கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

இனி சோதனைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன், ஓட்டிப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம். விடிகாலையில், ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, வண்டி ஒரு பக்கமாகப் பலமாக இழுக்கிறது, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்கிறது என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம், வண்டியை ஓட்டவே வேண்டாம்.

90-ல் போய் பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருள விடுங்கள். அப்போதும் நடுங்கினால் விஷயம் பிரேக் அல்ல. டயரில் புடைப்போ, ரிம்மில் வளைவோ, பேலன்சிங் கோளாறோ இருக்கும். முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் பிரேக் மிதிக்கும்போது மட்டுமே வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் இதைத் தாண்டிப் போகிறேன்.

அடுத்து, நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் என்றால் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் என்றால் பெரும்பாலும் பின் சக்கரம். உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 50 வேகத்தில் ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல, மிக மெல்ல மேலே இழுங்கள். பட்டனிலிருந்து விரலை எடுக்காதீர்கள், சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு இழுக்காதீர்கள். ஈரமான சாலையில் இந்த வேலையே வேண்டாம். இப்போது பிடிப்பது பின் டிரம் மட்டும். வண்டி விட்டு விட்டுப் பிடித்தால் டிரம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. மலையிறங்கிய சூட்டோடு ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு நிறுத்துவதும் இதற்கு ஒரு காரணம். நம் லாரிக்காரர்கள் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கியரில் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அதையே நாமும் செய்யலாம்.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். காலையில் முதல் பிரேக்கிலிருந்தே வருகிறதா, அல்லது சூடேறிய பிறகுதானா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளையோ இறங்கி வந்தபின் மட்டும் வந்து, ஆறியதும் போய்விடுகிறது என்றால் அது சூட்டினால் வரும் தற்காலிக ஆட்டம். டிஸ்க்கில் நீலம் பூத்த திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கினாலே பாதி பிரச்சினை தீரும். இதில் ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மலையிறங்கி வந்து செக்போஸ்ட்டிலோ டீக்கடை வாசலிலோ வண்டியை நிறுத்தி, பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி, முத்திரை குத்தின மாதிரி தன் அச்சைப் பதித்துவிடும். அந்த இடம் இனி மற்ற இடத்தைவிட அதிகமாகப் பிடிக்கும், அதிகமாகச் சூடாகும். சூடு மிகவும் ஏறினால் அங்கே இரும்பின் தன்மையே மாறிக் கடினமான புள்ளி உருவாகிவிடும். அப்படி ஆன டிஸ்க்கை லேத்தில் விட்டாலும் கடினப் புள்ளி உள்ளே இருந்துகொண்டே இருக்கும். மற்ற இடம் தேயும், அது தேயாது, கொஞ்ச நாளில் மறுபடி மேடு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: ஏபிஎஸ் உள்ள வண்டியில், நிற்கப் போகும் கடைசி நேரத்தில், 10 கி.மீ. வேகத்தில், பெடல் 'கடகட' என்று உதைத்தால் அது டிஸ்க் கோளாறு அல்ல. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் பல்வளையம் விரிசல் விட்டாலோ, சென்சார் அடியில் துரு சேர்ந்தாலோ, சக்கரம் வழுக்குகிறது என்று ஏபிஎஸ் தப்பாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். இதற்காக டிஸ்க் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சக்கரத்தைக் கழற்றுவோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பிரேக் தூசியை ஏர் வைத்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

உங்களுக்குத் தேவை இரண்டு கருவிகள்: ஆட்டத்தை முள்ளால் காட்டும், காந்த ஸ்டாண்டோடு கூடிய ஒரு டயல் கேஜ்; தடிமனை நுணுக்கமாக அளக்கும் ஒரு மைக்ரோமீட்டர். உங்கள் ஊர் லேத் பட்டறைகளில் இரண்டும் இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஆளே வந்து அளந்து கொடுப்பார். சொந்தமாக வாங்கினாலும் ஒரு செட் டிஸ்க் விலைக்குள் முடிந்துவிடும்.

முதலில் மைக்ரோமீட்டர். டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றி எட்டு இடத்தில் தடிமனை அளந்து எழுதுங்கள். அதிகமானதற்கும் குறைவானதற்கும் உள்ள வித்தியாசம் 0.02-ஐத் தாண்டினால் நடுக்கத்தின் நேரடிக் காரணம் கிடைத்துவிட்டது. டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் அந்த டிஸ்க் குப்பைக்கு. நகரும் தாடை உள்ள வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். பழைய டிஸ்க்கின் விளிம்பில் தேயாத ஒரு கரை நிற்கும், வெர்னியரின் தாடை அதில் இடித்துத் தப்பான அளவு காட்டும்.

அப்புறம் டயல் கேஜ். சக்கரம் இல்லாதபோது டிஸ்க் தளர்வாக இருக்கும் என்பதால், வாஷர் போட்டு நாலு நட்டையும் சீராக இறுக்குங்கள். கேஜின் காந்தத்தை நக்கிளில் ஒட்டி, முனையை அதே 10 மி.மீ. இடத்தில் வைத்து டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது, எந்த இடத்தில் உச்சம் என்று சாக்பீஸால் டிஸ்க்கிலும் அதற்கு நேரே உள்ள ஸ்டட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். முள்ளின் ஆட்டம் ஒரே சீராக இல்லாமல், டிஸ்க்கைக் கையால் அசைத்தால் மாறுகிறது என்றால் பேரிங்கில் தளர்ச்சி இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யாமல் மேலே அளப்பதில் பயனில்லை.

ஆட்டம் 0.05-ஐத் தாண்டுகிறதா? இப்போது டிஸ்க்கைக் கழற்றி, அரை வட்டம் திருப்பி, அதாவது நாலு ஸ்டட்டில் இரண்டு ஸ்டட் தள்ளி மாட்டி, மறுபடி அளங்கள். உச்சம் டிஸ்க்கில் போட்ட குறியோடு கூடவே நகர்ந்தால் தப்பு டிஸ்க்கில். ஸ்டட்டில் போட்ட குறியிலேயே நின்றுவிட்டால் தப்பு ஹப்பில். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கால் மணி நேரத்தில், யாரும் மறுத்துப் பேச முடியாத பதில் கிடைக்கும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் நாலு நிலையிலும் மாட்டிப் பார்த்து எதில் ஆட்டம் மிகக் குறைவோ அதிலேயே விட்டுவிடுங்கள். டிஸ்க்கின் கோணலும் ஹப்பின் கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும். அந்த நிலையைப் பெயிண்ட் வைத்துக் குறித்துவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்து கழற்றுகிறவர் கையில் இவ்வளவு வேலையும் வீண்.

ஹப்தான் என்று சந்தேகம் வந்தால், துருவை முழுக்கத் தேய்த்தெடுத்துவிட்டு டிஸ்க் இல்லாமல் ஹப்பின் முகத்திலேயே டயல் கேஜ் வையுங்கள். அங்கே 0.03-க்குள் இருந்தால் நல்லது. சுத்தம் செய்தபின்னும் 0.05, 0.06 என்று காட்டினால் ஹப்பே வளைந்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஹப்பை வெளியே எடுத்தால் பேரிங்கும் பெரும்பாலும் கூடவே போகும். இரண்டையும் புதிதாக வாங்குங்கள், பிரஸ் வைத்திருக்கும் இடத்தில் கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். சுத்தியல் வெளியே வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேலிப்பரையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு ஸ்லைடு பின்னும் கை அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் ஒரு பக்க பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு பேட்களின் தேய்மானமும் ஒன்றுபோல் இல்லையென்றால் இதுதான் அடையாளம். பின்னைச் சுத்தம் செய்து ரப்பரைக் கெடுக்காத சிலிகான் வகை கிரீஸ் போடுங்கள். சாதாரண சேஸிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் இன்னும் மோசமாகப் பிடிக்கும். பிஸ்டன் பின்வாங்குகிறதா என்று பார்க்க, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் பிளீடிங் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம், அல்லது பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இருக்கலாம். திறந்தும் விடவில்லை என்றால் கேலிப்பர்தான். 2009-லிருந்து அதே ஹோஸ் என்றால் சோதனைக்குக் காத்திருக்காமலேயே மாற்றலாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும்.

அடுத்து சஸ்பென்ஷன், ஸ்டியரிங் மூட்டுகள்: லோயர் ஆர்ம் புஷ், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட். 1,18,000 கி.மீ.-க்கு இவை களைத்துப்போயிருக்கும். ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: இவை நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, இருக்கிற நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ரப்பர் கிழிந்த புஷ்ஷை மாற்றினால் பாதி நடுக்கம் குறைந்து "சரியாயிடுச்சு" என்று தோன்றும். அடியில் தடிமன் கோளாறு வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் இதை அளவெடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போட்டிருக்கும் டிஸ்க்கை லேத்தில் விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் தாராளமாக இருந்தால், நீலத் திட்டு இல்லையென்றால், விடலாம். என் பழைய தொழில் என்பதால் அதன் வம்பும் தெரியும். லேத்தின் பிடியான சக்கில் டிஸ்க்கைப் பிடிக்கும்போது, ஹப்போடு ஒட்டும் அதே முகத்தை ஆதாரமாக வைத்துப் பிடிக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்துச் சீவினால் டிஸ்க் பளபளவென்று வரும், வண்டியில் மாட்டினால் முன்பைவிட அதிகமாக ஆடும். சீவி வந்ததை மாட்டி, டயல் கேஜில் பார்த்த பிறகுதான் காசு கொடுங்கள். சிறிய காரின் டிஸ்க் விலைக்கு, நான் என்றால் புதிதே போடுவேன், ஹப்பைச் சரிசெய்த பிறகு.

புதிது போட்டால், அதன் மேல் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பேட்களையும் புதிதாகவே போடுங்கள். பழைய பேட் பழைய டிஸ்க்கின் மேடுபள்ளத்தை ஞாபகம் வைத்திருக்கும். மாட்டிய அன்றைக்கே ஆட்டத்தை அளந்து ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்: இடம் இவ்வளவு, வலம் இவ்வளவு, தேதி, கி.மீ. பிறகு ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். அதன்பின் ஐந்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பேடின் பொருள் டிஸ்க் முழுக்கச் சீராக ஒரு படலமாகப் படிவதற்குத்தான் இது.

நூறு கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபாருங்கள். 3,000 கி.மீ.-யில், நடுக்கம் வந்தாலும் வராவிட்டாலும், டயல் கேஜையும் மைக்ரோமீட்டரையும் மறுபடி வைத்து அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். தடிமன் வித்தியாசம் 0.01-க்குள் நின்றால் விஷயம் முடிந்தது. அதற்குள்ளேயே ஏறத் தொடங்கியிருந்தால் இரண்டு பக்க அளவுகளையும் இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்பதை வைத்து மேற்கொண்டு பார்ப்போம். இடப்பக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.